சாதிக்காய்ப் போத்தல்

தலையெண்ணி என்று ஓர் இனம் உண்டு. விலங்கியல் புத்தகத்தில் தேடாதீர்கள். அதை எழுதியவரும் இந்த இனமாக இருந்து, வேறு யாராவது முதலில் எழுதட்டும் என்று விட்டிருக்கலாம். பார்வைக்கு நம்மைப் போலத்தான் இருப்பார். சட்டை போடுவார், வரி கட்டுவார், கல்யாண வீட்டில் இரண்டாம் பந்தியில் உட்காருவார். முதலாம் பந்தியில் ஏன் உட்காரவில்லை என்று கேட்கிறீர்களா? முதலாம் பந்தியில் சாப்பிட்டவர்கள் எழுந்து வரும்போது அவர்களுடைய முகத்தைப் பார்க்க வேண்டாமா?

எங்கள் ஊர் ரத்தோட்டை பஸ் நிலையத்தில் எந்தக் காலையிலும் இவரைக் காணலாம். பஸ்ஸின் நெற்றியில் மாத்தளை என்று மூன்று மொழியில் எழுதியிருக்கும். நடத்துனர் தொண்டை கிழிய மாத்தளே, மாத்தளே என்று கூவிக்கொண்டிருப்பார். தலையெண்ணி மிதிபலகையில் ஒரு காலை வைத்து, உள்ளே இருப்பவர்களைப் பார்த்து, இது மாத்தளைக்குப் போகுமா என்று கேட்பார். ஒருவர் தலையாட்டினால் போதாது. மூன்று பேர் வேண்டும். நடத்துனரின் வாக்கு செல்லாது, அவர் கட்சிக்காரர். மழைக்கும் இதே சட்டம்தான். ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து இறங்கி வருவது மூடுபனியா தூறலா என்று எங்கள் ஊரில் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆகவே தலையெண்ணி கையில் குடையை வைத்துக்கொண்டு வீதியில் எத்தனை குடை விரிந்திருக்கிறது என்று பார்ப்பார். வீதியில் இருக்கும் மற்றவர்களும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்படித்தான் ஒரு முழு ஊரும் கையில் குடையோடு நனைகிறது.

இவருக்குச் சொந்த அபிப்பிராயம் இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இருக்கிறது. அது வந்து சேர இன்னும் நாலு ஆள் குறைகிறது, அவ்வளவுதான்.

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். எம்.எச்.எம். லாபிர். ஊருக்கு லாபிர் நானா, அதாவது லாபிர் அண்ணன். மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறார். கடையின் பின்பக்கம் வீடு. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைக்கும் இடத்தில் இவர் குத்தூசி வைத்திருப்பார். மூட்டையின் வயிற்றில் குத்தினால் உள்ளே இருக்கும் மிளகைக் குழாய் வழியாக வெளியே கொட்டும் ஊசி அது. மிளகு விஷயத்தில் லாபிர் நானா ஒரு ஜீவனையும் நம்பமாட்டார். கொண்டுவந்தவர் ஆண்டவன்மேல் ஆணையிடட்டும், பெற்ற பிள்ளைமேல் ஆணையிடட்டும், இரண்டு வாரம் சுட்டெரிக்கும் வெயிலில் காயவைத்தேன் என்று கண்ணீர் விடட்டும். லாபிர் நானா முழுவதையும் பொறுமையாகக் கேட்டு, தலையை ஆட்டி, பிறகு மேலே ஒரு குத்து, நடுவில் ஒரு குத்து, அடியில் ஒரு குத்து. கொட்டியதை உள்ளங்கையில் உருட்டுவார். ஒன்றைப் பல்லில் வைத்து உடைத்து அந்தச் சத்தத்தைக் கேட்பார். ஈரம் என்றால் ஈரம்தான். பிறகு கண்ணீருக்கு விலை இல்லை.

இவ்வளவு கறாரான மனிதர் எப்படித் தலையெண்ணி ஆவார்? அதுதான் இந்த இனத்தின் விசேஷம். தனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தில் உலகத்தையே சந்தேகிப்பார். தெரியாத விஷயங்கள் எல்லாவற்றிலும் உலகத்தையே கேட்பார்.

நான் பட்டதாரிப் பயிலுநராக இணைக்கப்பட்டிருக்கும் பாடசாலையில் லாபிர் நானாவின் மகள் நுஸ்லா ஆறாம் ஆண்டில் படிக்கிறாள். ஒரு செவ்வாய்க்கிழமை அந்த வகுப்பின் முப்பத்தொரு மாணவிகளுக்கும் ஒரு படிவம் கொடுத்து அனுப்பினோம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பிற்காலத்தில் வராமல் தடுக்கும் ஊசி, அடுத்த செவ்வாய் பாடசாலையிலேயே போடுவார்கள், பெற்றோர் ஒருவர் கையொப்பமிட்டு அனுப்பவேண்டும். படிவங்களைச் சேர்க்கும் பொறுப்பைப் பாடசாலை அதிபர் என்னிடம் தந்தார். பயிலுநருக்கு வேறு வேலை இருக்காது என்பது அவர் கணிப்பு. சரியான கணிப்பு.

மறுநாள் வகுப்புக்குப் போய்க் கேட்டேன். வந்த படிவங்கள் பூச்சியம்.

“வாப்பா பார்ப்பம் என்டார் சேர்.”

“எங்கம்மா, மத்தவங்கள்லாம் குடுத்தாங்களான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க சேர்.” இது தேயிலைத் தோட்டத் தொழிலாளி மாரிமுத்துவின் மகள் விஜிதா. மேலே தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள்.

நுஸ்லா எழுந்து நின்றாள். “எங்கட வாப்பா இன்னும் எண்ணி முடிக்கல்ல சேர்.”

என்ன எண்ணுகிறார் என்று பார்க்க மாலையில் கடைக்குப் போனேன். மேசைமேல் மூன்று ஜாம் போத்தல்கள். ஒன்றில் மிளகு, ஒன்றில் கராம்பு, ஒன்றில் சாதிக்காய்.

“என்ன நானா இது?”

“வாக்கெடுப்பு தம்பி. மிளகு என்டா ஊசி போடலாம். கராம்பு என்டா வேணாம். சாதிக்காய் என்டா, மத்தவங்க போடட்டும், பார்ப்பம்.”

கடைக்கு வருகிறவர் எவரானாலும் வாக்காளர்தான். வயது, ஊர், பெண் பிள்ளை உண்டா இல்லையா என்ற பேதமெல்லாம் இல்லை. நெருப்புப்பெட்டிக்குச் சில்லறை மாற்ற வந்தவரும் வாக்களித்தார். லாபிர் நானா கேள்வியையும் நடுநிலையாகத்தான் கேட்டார். “ஊர்ல கனபேர் யோசிக்கிறாங்க, நீங்க என்ன செல்றீங்க?” கனபேர் யோசிக்கும்போது தான் மட்டும் யோசிக்காமல் இருந்தால் மரியாதையா? வந்தவரும் யோசித்தார். ஒரு சாதிக்காய் விழுந்தது.

புதன் மாலைக் கணக்கு இது: மிளகு பதினொன்று, கராம்பு பத்தொன்பது, சாதிக்காய் ஐம்பத்திரண்டு. மிளகு உண்மையில் பதின்மூன்று இருந்தது. இரண்டு பதர் என்று லாபிர் நானா பொறுக்கி எறிந்துவிட்டார். வாக்கானாலும் பதர் பதர்தானே.

“நீங்க கெம்பஸ் போனவர். செல்லுங்க. இந்த ஊசிய ஆராச்சும் சோதிச்சுப் பார்த்தீக்கிறாங்களா?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பல நாடுகளில் ஆயிரமாயிரம் பேருக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பாதிப் பேருக்கு இந்த ஊசி, மறுபாதிப் பேருக்கு வேறு ஊசி, எது யாருக்கு என்று போட்டவருக்கே தெரியாது. பிறகு வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து, யாருக்குக் கை வீங்கியது, யாருக்குக் காய்ச்சல் வந்தது, யாருக்கு நோய் வந்தது, யாருக்கு வரவில்லை என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார்கள்.

“அதுல ரத்தோட்டைல எத்தின பேர்?”

“ரத்தோட்டையில இல்ல நானா.”

“மாத்தளைல?”

“இல்ல.”

“உக்குவளைலயாச்சும்?”

“இல்ல நானா.”

“அப்ப சோதிக்கல்ல.” ஒரு சாதிக்காயை எடுத்து என் சார்பில் போத்தலில் போட்டார்.

நான் விடவில்லை. கைபேசியைத் தட்டி, எங்கோ ஒரு நாட்டில் எடுத்த கருத்துக்கணிப்பைக் காட்டினேன். தடுப்பூசிகளை ஒழுங்காகச் சோதித்துத்தான் தருகிறார்கள் என்று அங்கே பெரும்பான்மையானவர்கள் நம்புகிறார்கள்.

லாபிர் நானாவின் முகம் மலர்ந்தது. “பெரும்பான்மையா? எத்தின பேருக்கிட்டக் கேட்டாங்க?”

“ஆயிரத்துச் சொச்சம்.”

“நம்புறாங்க என்டா, போட்டாங்களா?”

“அதக் கேக்கல்ல நானா. நம்பிக்கையத்தான் கேட்டிருக்காங்க.”

“எனக்கு உங்களோட சேர்த்து எண்பத்திமூண்டு பேர்தான். ஆனா அத்தின பேரையும் எனக்குத் தெரியும்.” கைபேசியைத் திருப்பித் தந்தார்.

பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் படித்தவன் நான். பெரும்பான்மை என்ற தலைப்பில் நாற்பது பக்கம் எழுதிக்கொடுத்துத்தான் பட்டம் வாங்கினேன். வீட்டுக்குப் போய், அடுத்த தடவை லாபிர் நானாவை மடக்குவதற்காக அந்தச் சோதனையின் அறிக்கையைத் தேடி எடுத்தேன். முதல் பக்கத்தில் பாதி விளங்கியது. மேலே ஆய்வாளர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. எண்ணினேன். இருபத்தெட்டு. இருபத்தெட்டுப் பேர் பொய் சொல்வார்களா என்று நிம்மதியாக மூடிவைத்தேன். பாயில் படுத்த பிறகுதான் உறைத்தது. லாபிர் நானாவிடமாவது போத்தல் இருக்கிறது. நான் கையாலேயே எண்ணியிருக்கிறேன்.

வியாழன் மாலை மறுபடி போனேன். லாபிர் நானா கராம்புப் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, ஒரு நாளைக்குள்ள ஏழு பேர் மனசு மாறீக்கிறாங்க.”

“எப்படி நானா?”

“நேத்து பத்தொன்பது. இன்னிக்குப் பன்னெண்டு. ஊர் மெல்ல மெல்லத் திரும்புது.”

வெள்ளிக்கிழமை ஊர் இன்னும் வேகமாகத் திரும்பியது. கராம்பு மூன்றுதான் மிச்சம். அன்று பகல் அந்த வீட்டில் நெய்ச்சோறு. பின்வாசலில் நின்ற றஸ்மியா தாத்தா என்னைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் சுருக்கினார். லாபிர் நானாவின் மனைவி அவர்; எங்கள் ஊரில் தாத்தா என்றால் அக்கா. கராம்பு எங்கே போனது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு வீட்டுச் சமையலில் எதிர்க்கட்சி கரைந்துகொண்டிருந்தது. ஆனால் சாதிக்காய் அப்படியல்ல. ஒரு சட்டி கறிக்குச் சாதிக்காய் எவ்வளவு போடலாம்? ஒரு சுரண்டல். ஐம்பத்திரண்டு இப்போது எழுபதாகி, போத்தல் நிறைந்து, லாபிர் நானா ஒரு வாளியை எடுத்து வைத்திருந்தார்.

“இன்னும் தெளிவாகல்ல,” என்றார்.

றஸ்மியா தாத்தா உள்ளே வந்தார். “ஃபோமத் தாங்க. நான் சைன் வெக்கிறன்.”

“ஒரு நாலு நாள் பொறுங்களேன்.”

“செவ்வாக்கெழம ஊசி. நாலு நாள்ல அது முடிஞ்சிரும்.”

படிவம் லாபிர் நானாவின் சட்டைப் பையில், குத்தூசிக்குப் பின்னால், நாலாக மடித்து, மிளகு மணத்துக்கொண்டு இருந்தது. அவர் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

“ஊர்ல எல்லாருக்கிட்டயும் கேட்டீங்க தானே,” என்றார் றஸ்மியா தாத்தா. “எங்கட அபீபா ராத்தாவ எந்தப் போத்தல்ல போட்டீங்க?”

அபீபா றஸ்மியா தாத்தாவின் மூத்த சகோதரி. அந்தப் புற்றுநோயில்தான் போனவர். போய் இரண்டு வருடம். அவர் படித்த காலத்தில் இந்த ஊசி பாடசாலைக்கு வந்ததில்லை.

லாபிர் நானா மூன்று போத்தல்களையும் பார்த்தார். வாளியையும் பார்த்தார். றஸ்மியா தாத்தா கராம்புப் போத்தலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மூன்று வாக்குகளும் அத்தோடு முடிந்தன.

அன்று இரவும் மறுநாள் இரவும் லாபிர் நானா தூங்கவில்லையாம். ஞாயிறு காலை, றம்ஸியின் ஓட்டோவோடு என் வீட்டு வாசலில் நின்றார்.

“ஏறுங்க தம்பி. கனபேர் பயப்படுறாங்க என்டா ஒரு காரணம் ஈக்கணும். அது எங்கேந்து வருது என்டு பார்ப்பம்.”

ஒரு தலையெண்ணி காரணத்தைத் தேடிப் போவது பெரிய விஷயம். சந்தோஷமாக ஏறினேன். ஊசிக்குப் பயப்படுகிறார்கள் என்று லாபிர் நானாவிடம் முதலில் சொன்னதே ஓட்டோக்காரர் றம்ஸிதான். விசாரணை அவரிடமே தொடங்கியது.

“எனக்கு எங்க நானா தெரியும்? மாத்தளைல மீன்கடை பஸீர் சென்னார்.”

மாத்தளைக்குப் போனோம். பஸீர் ஒரு பாரையை வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை நிறுத்தாமலே, “அலுவிகாரைல முடி வெட்டுற அன்ஸாப் சென்னது,” என்றார். அலுவிகாரைக்குப் போனோம். அன்ஸாப் ஒருவரின் பாதித் தலையை வெட்டிவிட்டு, மீதித் தலையைக் காத்திருக்க வைத்து, எங்களோடு வெளியே வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“நானா, இது வெளிய செல்லாதீங்க. ரத்தோட்டைல ஒரு பெரிய மனுஷர் ஈக்கிறாராம். மிளகு வியாபாரி. சும்மா ஆளில்ல, எதையும் குத்திப் பார்க்காம வாங்காதவராம். அவரே மகள்ட ஃபோம்ல இன்னும் சைன் வெக்கல்லயாம். அப்பிடிப்பட்டவரே வெக்கல்ல என்டா, விஷயம் இல்லாம ஈக்குமா?”

லாபிர் நானா ஆடிப்போனார். “மிளகு வியாபாரியா? பேர் என்ன?”

“பேர் தெரியா. ஆனா விவரமான மனுஷராம்.”

திரும்பி வரும் வழியில் ரத்தோட்டைச் சந்தி தெரிந்தபோது லாபிர் நானா ஒரு பெருமூச்சு விட்டார். “பார்த்தீங்களா தம்பி. விவரமானவங்களே யோசிக்கிறாங்க.” சட்டைப் பையைத் தொட்டு, படிவம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

அந்த விவரமான மனிதர் நீங்கள்தான் நானா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். றம்ஸியும் சொல்லியிருக்கலாம், கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவர் சொல்லட்டும் என்று நான் இருந்தேன். நான் சொல்லட்டும் என்று அவர் இருந்தார். ஓட்டோவில் மூன்று பேர் இருந்தோம், மூன்றும் சாதிக்காய்.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. கையொப்பமிட்ட படிவங்கள்: பூச்சியம்.

அதிபர் எல்லாப் பெற்றோரையும் வரச் சொல்லியிருந்தார். எட்டு மணிக்கே சுகாதாரக் குழு வந்துவிட்டது. ஊசி மருந்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொண்டு, மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதி வகுப்பறையில் உட்கார்ந்திருந்தார். “பன்னெண்டு மணிக்கு நாங்க போகணும். வேற இஸ்கோல் ஒண்டு இருக்கி,” என்றார் சிங்களம் கலந்த தமிழில். இன்று தவறினால் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். தனித்தனியாக ஒன்றைச் செய்கிற ஊரா இது? வகுப்பறை வாசலில் மாணவிகள் வரிசையாக நின்றார்கள். முதல் ஆள் நுஸ்லா. எட்டு மணியிலிருந்து அவளுடைய இடது சட்டைக் கை தோள்வரை சுருட்டியபடி இருந்தது.

மைதானத்து ஓரத்தில் முப்பத்தொரு பெற்றோர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு படிவம், ஒரு பேனா. ஒவ்வொருவர் கண்ணும் பக்கத்தில் இருப்பவரின் பேனாமேல். தூறத் தொடங்கியது. முப்பத்தொரு குடைகள் மடித்தபடியே இருந்தன.

“ஆராச்சும் ஒருத்தர் தொடங்குங்களேன்,” என்று அதிபர் கெஞ்சினார்.

மாரிமுத்து முன்னே வந்தார். விஜிதாவின் அப்பா. சந்தைக்கு வந்தவர் மிளகு மூட்டையோடே பாடசாலைக்கு வந்திருந்தார். “ஐயா, எங்க தோட்டத்துல தொரைக்கு மகஜர் எழுதுனா வட்டமா கையெழுத்து வைப்போம். யாரு மொதல்ல வச்சாங்கன்னு தொரைக்குக் கண்டுபிடிக்க ஏலாது. அதுமாதிரி செய்யலாமே.”

“அது ஒரே கடதாசி, மாரிமுத்து. இது ஆளுக்கொரு ஃபோம். எப்பிடி வட்டமா வெக்கிறது?”

மாரிமுத்து கொஞ்சம் யோசித்தார். “அப்ப நாங்க வட்டமா நிக்கிறோம்.”

நின்றார்கள். நான் பொய் சொல்லவில்லை, முப்பத்தொரு பேரும் பாடசாலை மைதானத்தில் வட்டமாக நின்றார்கள். அதிபர் நடுவில். “மூண்டு எண்ணுவேன். மூண்டு என்டதும் எல்லாரும் ஒண்டா வெக்கணும்.” ஒன்று என்றார். இரண்டு என்றார். முப்பத்தொரு பேனாக்களும் படிவத்தில் முட்டிக்கொண்டு நின்றன. மூன்று என்றார். முப்பத்தொரு தலைகளும் நிமிர்ந்து, மற்றவர்கள் வைக்கிறார்களா என்று பார்த்தன. ஒருவரும் வைக்கவில்லை. வைக்காதது எவ்வளவு நல்லதாயிற்று என்று முப்பத்தொரு முகங்களிலும் ஒரு நிம்மதி.

மறுபடி எண்ணினார். மறுபடி அதே நிம்மதி. வகுப்பறையிலிருந்து மிஸ்ஸி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பதினொன்றே கால்.

வட்டத்தில் மாரிமுத்துவுக்குப் பக்கத்தில் நின்றவர் லாபிர் நானா. இரண்டு பேருக்கும் நடுவில் மூட்டை. பேசாமல் நிற்கும்போது லாபிர் நானாவின் கை சும்மா இருக்காது. அவர் அறியாமலே கை சட்டைப் பைக்குப் போய், குத்தூசியை எடுத்து, மூட்டையின் வயிற்றில் வைத்தது.

மாரிமுத்து மூட்டைமேல் கையை வைத்துத் தடுத்தார். “குத்தாதீங்க மொதலாளி. நல்லாக் காஞ்சிருச்சு. எங்க லயத்துல அத்தன பேரும் பாத்துட்டு அப்படித்தான் சொன்னாங்க. எப்படியும் நூறு பேரு இருக்கும்.”

லாபிர் நானா சிரித்தார். அந்த ஒரு வாரத்தில் அவர் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. “நூறு பேர் சென்னா மிளகு காஞ்சிருமா மாரிமுத்து? அவங்க மேல பார்த்தீக்கிறாங்க. உள்ளுக்குக் குத்திப் பார்த்தாத் தானே தெரியும்.”

“ஓ,” என்றது ஒரு குரல். வட்டத்துக்கு வெளியே றஸ்மியா தாத்தா நின்றுகொண்டிருந்தார். “அப்ப ஊசிக்கு மட்டும் ஏன் ஊரெல்லாம் போய்க் கேட்டீங்க?”

லாபிர் நானாவின் குத்தூசி மூட்டையில் பாதி இறங்கியபடி நின்றது. அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

“தம்பி. அவங்க குத்திப் பார்த்தாங்களா?”

இந்த முறை நான் யாரையும் பார்க்கவில்லை. பார்க்க முப்பது பேர் இருந்தும்.

“குத்திப் பார்த்தாங்க நானா. அபிப்பிராயம் கேக்கல்ல. போட்டுட்டு, வருஷக்கணக்கா உடம்பப் பார்த்தாங்க.”

“பதரெல்லாம் எழுதி வெச்சாங்களா? மறைக்காம?”

“கை வலி, காய்ச்சல், தலைசுத்தல், எல்லாம் எழுதியிருக்கு. ஒரு நாட்டுக்காரங்க எழுதினத இன்னொரு நாட்டுக்காரங்க திரும்பவும் குத்திப் பார்த்திருக்காங்க.”

“மேல, நடுவுல, அடில?”

“மேல, நடுவுல, அடில.”

லாபிர் நானா குத்தூசியை உருவினார். உள்ளங்கையில் விழுந்த மிளகில் ஒன்றைப் பல்லில் வைத்து உடைத்தார். “ஈரம்,” என்றார் மாரிமுத்துவிடம், பழக்கத்தில். பிறகு படிவத்தை விரித்து, மாரிமுத்துவின் மூட்டைமேலேயே வைத்து, பேனாவை அதன்மேல் ஊன்றினார்.

அவர் பெயரில் மூன்று முதலெழுத்துகள் இருந்தது எங்கள் பாடசாலையின் அதிர்ஷ்டம். முதலில் எம் போட்டார். ஒரு புள்ளி. வட்டத்தில் ஒரு சலசலப்பு. மிளகுக்கடைக்காரரே வைக்கிறார். எச் போட்டார். ஒரு புள்ளி. மழையில் காகிதங்கள் விரியும் சத்தம். மறுபடி எம் போட்டார். பேனாவை எடுத்தார். அந்த இடத்தில், பெயர் தொடங்கும் முன், பிறவிக் குணம் அவர் கழுத்தைப் பிடித்துத் தூக்கியது. நிமிர்ந்து வட்டத்தைப் பார்த்தார்.

ஒருவர் முதுகில் ஒருவர் படிவத்தை வைத்து, முப்பது பேரும் கையொப்பமிட்டு முடித்திருந்தார்கள். சிலர் குடையைக்கூட விரித்துவிட்டார்கள்.

லாபிர் நானாவின் முகத்தில் ஓர் ஒளி வந்தது. எனக்குப் பக்கத்தில் குனிந்து, “பார்த்தீங்களா தம்பி,” என்றார். “எல்லாரும் வெக்கிறாங்க.” பிறகு லாபிர் என்று நிம்மதியாக எழுதி முடித்தார். முதலில் தொடங்கிய கையொப்பம் கடைசியாக முடிந்தது. இன்றுவரை அவரிடம் கேட்டால், ஊர் முழுக்க வைத்த பிறகுதான் வைத்தேன் என்று சொல்வார். ஊரைக் கேட்டால், லாபிர் நானா வைத்த பிறகுதான் வைத்தோம் என்று சொல்லும். இரண்டு பக்கமும் சத்தியம் செய்யத் தயார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசிப் பிள்ளைக்கும் போட்டு முடித்து மிஸ்ஸி குளிர்ப்பெட்டியை மூடினார். நுஸ்லாவுக்குத்தான் முதல் ஊசி. அவளுக்கு முன்னால் யாரும் இல்லாததால் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மாலையில் கடைக்குப் போனேன். லாபிர் நானா சாதிக்காய் வாளியைத் திரும்பவும் மூட்டையில் கொட்டிக்கொண்டிருந்தார். நுஸ்லா மேசையில் உட்கார்ந்து கையிலிருந்த பஞ்சைப் பிய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து றஸ்மியா தாத்தா, “வலிச்சதா மகள்?” என்று கேட்டார்.

“கிளாஸ்ல எல்லாரும் வலிக்கல்ல என்டாங்க உம்மா,” என்றாள் நுஸ்லா. “எனக்குக் கொஞ்சம் வலிச்சிச்சு.”

லாபிர் நானாவின் கை நின்றது. மகளைப் பார்த்தார். இந்தப் பதிலை எந்தப் போத்தலில் போடுவது என்று தேடினார். அதற்குப் போத்தல் இருக்கவில்லை.

நல்லது. லாபிர் நானாவை எனக்குத் தெரியும், என்னையும் இப்போது ஓரளவு தெரியும். உங்களைத்தான் தெரியவில்லை. இதை வாசித்து முடித்ததும் நன்றாக இருந்ததா இல்லையா என்று நீங்கள் யாரிடமாவது சொல்ல வேண்டிவரும். அவசரமில்லை. பக்கத்தில் வாசித்தவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லட்டும் என்றுதான் அவரும் காத்திருக்கிறார்.